“இதுல இருக்கிறது நாங்களா அக்கா?”

பட்டறையின் இரண்டாவது நாள். வரைவதற்குத் தாள் போதவில்லை. என் பையில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள்கள் ஒரு கட்டு இருந்தன. பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கோடு இழுத்துக் காட்டும் பயிற்சி அது. பிள்ளைகள் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நிதானமாக விழுந்தது.

“தம்... வேர்களை... இழந்து, தன்னம்பிக்கை... குன்றி, திசை தெரியாமல்... தவிக்கும்... நம் இளைய தலைமுறை...”

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இதுல இருக்கிறது நாங்களா அக்கா?”

அது எங்கள் முதல் நிதியுதவி விண்ணப்பம். நான்தான் எழுதினேன். ஒரு நள்ளிரவில், கண்ணில் நீர் வர, மிகவும் அழகாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். அது நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் என்பது அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பண்பாட்டு அடையாளம் பற்றிப் பட்டறை நடத்த நிதி கேட்க நினைப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் “ஃபார்ம் எப்படி நிரப்பணும்?” என்று கேட்கிறார்கள். படிவத்தை நிரப்புவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். அதைப் பற்றி இங்கே நிறையவே சொல்கிறேன். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்ன பதில் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் படிவத்தைத் திறக்காதீர்கள்.

ஆரம்பத்தில் நாங்கள் மூன்று பேர். ஊர் விட்டு ஊர் வந்து ஒரே பகுதியில் குடியிருக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்கிறவர்கள். அவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று பல நாள் பேசிக்கொண்டே இருந்தோம். நிதியுதவி அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டபோது கடைசித் தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளில் ஒரு நல்ல விண்ணப்பம் எழுத முடியாது என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

வழிகாட்டுதல் ஆவணத்தை நான் முழுதாகப் படிக்கவே இல்லை. படிவத்தை நேரே திறந்து, கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே போனேன். “திட்டத்தின் தேவை என்ன?” என்ற கேள்விக்குத்தான் அந்தத் தவிக்கும் தலைமுறை வந்தது. “என்ன செய்யப்போகிறீர்கள்?” என்ற கேள்விக்கு நம் மொழியின் தொன்மை பற்றி ஒன்றரைப் பக்கம். மூன்று மாதம் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பங்கள் அதிகம், உங்களுடையது தேர்வாகவில்லை.

கோபமும் அவமானமும் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நான் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது அதுதான். ஏன் தேர்வாகவில்லை என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று பணிவாக எழுதிக் கேட்டேன். கால் மணி நேரம் தொலைபேசியில் பேசினார் அந்த அலுவலர். அவர் சொன்னதில் ஒரு வாக்கியம் இன்றும் காதில் இருக்கிறது: “நான்கு பக்கம் படித்து முடித்தேன். ஆனால் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.”

இன்னொன்றும் சொன்னார். நாங்கள் பதிவு செய்த அமைப்பு இல்லை. அறிவிப்பின் மூன்றாவது பக்கத்திலேயே பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டும் என்று போட்டிருந்ததாம். ஒன்றரைப் பக்கத் தொன்மையை யாரும் மதிப்பிடவே தேவையிருந்திருக்காது. முதல் சல்லடையிலேயே விழுந்திருக்கிறோம். படித்துப் பார்த்ததே அவருடைய பெருந்தன்மை.

அடுத்த சுற்றுக்கு முன் வழிகாட்டுதல் ஆவணத்தை அச்சடித்து, பாடப்புத்தகம் மாதிரி கோடு போட்டுப் படித்தேன். அதன் பின்பகுதியில், பலர் தாண்டிப்போகும் இடத்தில், மதிப்பெண் அட்டவணை இருக்கும். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். நான் முதல் முறை ஒன்றரைப் பக்கம் எழுதிய இடத்துக்கு மிகக் குறைவான மதிப்பெண். ஒரே பத்தியில் முடித்துவிட்ட ‘எப்படி நடத்துவீர்கள்’ பகுதிக்குத்தான் அதிகம். அட்டவணையை முதலில் பார்த்து, மதிப்பெண் எங்கே கனக்கிறதோ அங்கே நேரத்தைச் செலவிடுங்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாமே சொல்லும் புத்திமதிதான் இது.

பதிவுச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே பதிவு பெற்ற, நம் வேலையோடு ஒத்துப்போகும் ஓர் அமைப்பின் பெயரில் விண்ணப்பிக்கலாம். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், வேலையை நாம் செய்வோம். பல நிதி வழங்குவோர் இதை ஏற்கிறார்கள். ஆனால் தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். நிர்வாகத்துக்கு எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், நாம் கேட்டு எத்தனை நாளில் பணம் விடுவிப்பார்கள், பட்டறையில் பதிவு செய்யும் குரல்களும் படங்களும் யாருக்குச் சொந்தம், நடுவில் பிரிய வேண்டி வந்தால் மீதிப் பணம் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். நாங்கள் மூன்றை எழுதி வாங்கினோம். பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதை மறந்தோம். பிறகு ஒரு பாட்டி சொன்ன கதை அவருக்கே தெரியாமல் அந்த அமைப்பின் ஆண்டு விழாத் திரையில் ஓடியது. பாட்டி பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டார். அவருடைய மகன் சிரிக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பெரும்பாலான படிவங்களில் ஏதோ ஒரு வடிவில் ஒரு கேள்வி இருக்கும்: “உங்கள் சமூகம் எது? இந்தத் திட்டத்தை வடிவமைப்பதில் அவர்களுக்கு என்ன பங்கு?” முதல் பாதியே நமக்குச் சிக்கல். தமிழில் சமூகம் என்று சொன்னால் பலர் காதில் சாதி என்றுதான் விழும். வெளியாளுக்கோ ஒரு மொழி பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே சமூகம். யாரைச் சொல்கிறோம் என்று நாங்களே உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் எங்கள் மூவருக்கும் மூன்று விடைகள். கடைசியில், “இந்தப் பகுதியில் வசிக்கும், வீட்டில் முழுதாகவோ பாதியாகவோ தமிழ் புழங்கும் குடும்பங்களில் உள்ள 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளும் அவர்களின் தாத்தா பாட்டிகளும்” என்று எழுதினோம். கவித்துவம் இல்லாத வாக்கியம். ஆனால் இதை எழுதிய பிறகுதான் யாரை அழைக்கப்போகிறோம், யார் விடுபடுகிறார்கள் என்று எங்களுக்கே தெரிந்தது.

இரண்டாம் பாதி இன்னும் கடினம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்பை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். எட்டுப் படிகள். கீழே இருப்பது மக்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. மேலே போகப் போகக் கூட்டு முடிவு, அதிகாரப் பகிர்வு, கடைசியில் முழு ஆளுகை. நிதி வழங்குவோர் பலர் இந்த ஏணியின் பெயரைச் சொல்லாமலே அதை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் முதல் விண்ணப்பத்தில் ‘மக்களே முன்னின்று நடத்தும் திட்டம்’ என்று எழுதியிருந்தேன். நேர்மையாகச் சொன்னால் நாங்கள் அப்போது ஏணியில் ஏறவே இல்லை. எங்கள் மூன்று பேரின் வீட்டு வரவேற்பறையில் முடிவான திட்டம் அது.

இரண்டாம் முறை இருபது வீடுகளுக்குப் போனோம். கையில் படிவம் எதுவும் கொண்டுபோகவில்லை. “பிள்ளைகளோட என்ன பேசணும்னு நினைக்கிறீங்க? பேச முடியாம இருக்கிறது எது?” என்று மட்டும் கேட்டோம். பெற்றோரில் பாதிப் பேர் மொழி வகுப்பு வேண்டும் என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். தாத்தா பாட்டிகள் யாரும் வகுப்பு கேட்கவில்லை. “எங்க சின்ன வயசைப் பத்தி யாரும் கேட்கிறதே இல்ல” என்றார் ஒருவர். பிள்ளைகளோ வேறு ஒன்றைச் சொன்னார்கள். பள்ளியில் யாராவது “நீ எந்த ஊர்?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, எதைச் சொன்னாலும் பாதி பொய் மாதிரி இருக்கிறது என்றார்கள். வேரை இழந்து தவிக்கிற பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கேள்விக்குச் சரியான விடை தேடுகிற பிள்ளைகளைப் பார்த்தேன். அடடா, திட்டம் இதுதானே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

விண்ணப்பத்தில் அந்த இருபது வீடுகளையும் எழுதினோம்: எப்போது போனோம், என்ன கேட்டோம், அதனால் திட்டத்தில் எதை மாற்றினோம் என்று. குறிப்பாக அந்தக் கடைசிப் பகுதி. கருத்துக் கேட்டோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்டதனால் எது மாறியது என்று எழுதுகிறவர்கள் குறைவு. நாங்கள் மொழி வகுப்பை எடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பதிவு செய்யும் அமர்வுகளை வைத்தோம். அதைக் கேட்டுச் சில பெற்றோர் வருத்தப்பட்டதையும் எழுதினோம்.

சொல்வதற்கு ஒரு மொழியும் கிடைத்தது. யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு அருவமான பண்பாட்டு மரபு உடன்படிக்கையில் ஒரு வரையறை இருக்கிறது. பாட்டு, கதை, சடங்கு போன்ற இந்த மரபு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது மட்டுமல்ல, அந்தந்த மக்களால் தொடர்ந்து புதிதாக ஆக்கப்பட்டுக்கொண்டே இருப்பது என்கிறது அது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. நாங்கள் எதையும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வரவில்லை. பிள்ளைகள் பாதி மொழி கலந்து தாத்தாவைப் பேட்டி எடுத்தாலும் அது மரபின் தொடர்ச்சிதான். உடன்படிக்கையின் 15-ஆவது பிரிவு, மக்களை இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வைக்க வேண்டும் என்கிறது. 2015-ல் வந்த 12 நெறிக் கோட்பாடுகளில் ஒன்று, முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, கட்டாயமில்லாமல் பெறும் ஒப்புதலைப் பற்றியது. அந்த ஒப்புதல் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகாது. பாட்டியின் கதை திரையில் ஓடிய பிறகு அந்தச் சொல்லின் எடை எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

மேற்கோளை அள்ளித் தெளிக்க வேண்டாம். ஒன்றோ இரண்டோ, அதுவும் உங்கள் முடிவு ஒன்றை அது மாற்றியிருந்தால் மட்டும் போதும்.

அடுத்தது, எதை மாற்றப்போகிறீர்கள் என்ற கேள்வி. ‘எட்டு அமர்வு நடத்துவோம், பதினெட்டுப் பேர் வருவார்கள்’ என்பது நாம் செய்வது. அதனால் அவர்களிடம் என்ன மாறும் என்பது வேறு. இரண்டையும் குழப்புவதுதான் நான் பார்த்த விண்ணப்பங்களில் மிகப் பரவலான தவறு. குறிக்கோளைக் குறிப்பாக, அளக்கும்படி எழுது என்று சொல்லும் ‘ஸ்மார்ட்’ சூத்திரத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1981-ல் ஜார்ஜ் டோரன் எழுதியது. ஸ்மார்ட் (SMART) என்பதன் ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் நல்ல குறிக்கோளின் ஒரு குணத்தைச் சொல்லும். இன்று அதில் உள்ள ‘ஏ’ எழுத்துக்கு ‘எட்டக்கூடியது’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். டோரன் எழுதியபோது அது ‘யார் பொறுப்பு என்று ஒப்படைக்கக்கூடியது’. எனக்கு அந்தப் பழைய பொருள்தான் பிடித்திருக்கிறது. எங்கள் முதல் அமர்வன்று பதினெட்டுப் பேர் பூட்டிய கூடத்தின் வாசலில் நாற்பது நிமிடம் நின்றார்கள். சாவி யாரிடம் என்று எங்கள் திட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. அடுத்த திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது. சாவிக்கும்தான்.

அடையாளத்தை எப்படி அளப்பது? இங்கே நாங்கள் கொஞ்சம் சறுக்கினோம். ஜீன் ஃபின்னி என்ற உளவியலாளர் 1992-ல் இன அடையாள உணர்வை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். 2007-ல் அவரும் அந்தோணி ஓங்கும் அதை 6 வாக்கியங்களாகச் சுருக்கினார்கள். மூன்று, தன் மரபைப் பற்றித் தேடி அறிவது பற்றி. மூன்று, அதன் மீதுள்ள பற்று பற்றி. ஆராய்ச்சியில் பரவலாகப் புழங்குவது. அதை மொழிபெயர்த்து முதல் நாளும் கடைசி நாளும் கொடுத்தோம். பதினெட்டுப் பேரின் சராசரியை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஒருத்தி காய்ச்சலோடு வந்தால் சராசரி ஆடிப்போகிறது. அதோடு, நாமே மொழிபெயர்த்த வினாப்பட்டியல் அதே விஷயத்தைத்தான் அளக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. பெரிய ஆய்வுக்குரிய கருவியைச் சின்ன அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

கைகொடுத்தது வேறொன்று. முதல் நாள் ஓர் அட்டையில் ஒரே கேள்வி: “நீ எந்த ஊர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?” அட்டையை உறையில் போட்டு ஒட்டிவிட்டோம். கடைசி நாள் அதே கேள்விக்கு இன்னோர் அட்டை. பிறகு அவர்களே உறையைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் அட்டையில் ஒரு ஊர்ப்பெயர் மட்டும் எழுதியிருந்த ஒரு பையன், இரண்டாவதில் பன்னிரண்டு வரி எழுதியிருந்தான். “எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்பேன்” என்று தொடங்கியது அது. அறிக்கையில் எந்த எண்ணும் சொல்ல முடியாததை அந்த இரண்டு அட்டைகளும் சொல்லிவிட்டன. அவனுடைய அனுமதியோடுதான் சேர்த்தோம்.

ஐந்து பேருக்குக் குழப்பம் கூடியிருந்தது. முதல் நாள் தெளிவாக எழுதியவர்கள் கடைசி நாள் “தெரியல” என்று எழுதினார்கள். என் கூட்டாளி ஒருவர் அவற்றை அறிக்கையில் விட்டுவிடலாம் என்றார். எனக்கும் சபலம்தான். ஆனால் ஃபின்னியின் எழுத்தைப் படித்தது இங்கே உதவியது. 1966-ல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் வகுத்த அடையாள நிலைகளைத் தொட்டுத்தான் அவர் தன் படிநிலைகளை அமைக்கிறார். கேள்வியே கேட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட அடையாளம் ஒரு நிலை. அதைவிட்டு வெளியே வந்து தேடித் தடுமாறுவது அடுத்தது. உறுதி அதற்குப் பிறகு. அந்தக் கணக்கில் பார்த்தால் “தெரியல” என்று எழுதிய ஐந்து பேரும் ஓர் அடி முன்னால் வந்திருக்கிறார்கள் என்று வாதிட இடமிருந்தது. அப்படியே எழுதினோம், உறுதியாகச் சொல்ல முடியாது என்ற குறிப்போடு. அறிக்கையிலேயே அந்தப் பத்தியைத்தான் மிகவும் விரும்பிப் படித்ததாக அலுவலர் பிறகு சொன்னார்.

சரி, பட்ஜெட்.

எழுத்தில் வல்லவர்கள் பலர் பட்ஜெட்டைக் கடைசி இரவில் போடுகிறார்கள். மதிப்பீட்டாளர்களோ அதைத்தான் முதலில் திறக்கிறார்கள் என்று கேள்வி. பட்ஜெட் பொய் சொல்லாது. விளக்கத்தில் ‘முதியவர்களே இந்தத் திட்டத்தின் மையம்’ என்று எழுதிவிட்டு, பட்ஜெட்டில் பெரும்பகுதி பதாகைக்கும் ஒலிபெருக்கிக்கும் போயிருந்தால் மையம் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தில் விளக்கத்தில் பத்து அமர்வு, பட்ஜெட்டில் எட்டு அமர்வுக்கான வாடகை. நடுவில் திட்டத்தை மாற்றியபோது ஓரிடத்தில் திருத்தி இன்னோரிடத்தில் விட்டிருக்கிறேன். நிதி கிடைத்தது, ஆனால் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து, அனுப்புவதற்கு முன் திட்டத்தில் வேலையே செய்யாத ஒருவரிடம் பட்ஜெட்டை மட்டும் கொடுத்து, “இதை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள்” என்று கேட்கிறேன். அவர் சொல்வது விளக்கத்தோடு பொருந்த வேண்டும்.

முதியவர்களுக்கு மதிப்பூதியம் போடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்குச் சம்பளம், அறிவு முழுவதையும் வைத்திருக்கும் பாட்டிக்கு ஒரு பொன்னாடை என்ற பழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நாங்கள் தொகையை நீட்டியபோது ஒரு தாத்தா முகம் சுருங்கிவிட்டது. “பேரனுக்குக் கதை சொல்றதுக்குக் கூலியா?” என்றார். முன்பே பேசியிருக்க வேண்டும். பிறகு, வாங்க விரும்பாதவர்கள் பெயரில் அதே தொகைக்குப் புத்தகங்கள் வாங்கிக் கூடத்தில் வைக்கலாமா என்று நிதி வழங்கியவர்களிடம் எழுத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம். கேட்காமல் மாற்றியிருந்தால் தணிக்கையில் மாட்டியிருப்போம். இன்னொன்று: முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இந்த வருமானம் அதைப் பாதிக்குமா என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள். நல்லது செய்யப்போய் அவர்கள் மாதப் பணத்தில் கை வைத்துவிடக் கூடாது.

போக்குவரத்து, சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், படிக்கட்டு ஏற முடியாதவர்களுக்கான ஏற்பாடு எல்லாம் ‘இதர செலவு’ இல்லை. இவை இல்லையென்றால் வர முடியாதவர்கள் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் நீங்கள் விளக்கத்தில் யாருக்காக என்று எழுதினீர்களோ அவர்களாகத்தான் இருப்பார்கள். தன்னார்வ உழைப்பையும் இலவசமாகக் கிடைக்கும் இடத்தையும் நம் பங்களிப்பாகக் கணக்குக் காட்டப் பல இடங்களில் வழியுண்டு. அப்படிக் காட்டினால் அதற்கும் பதிவேடு வேண்டும்: யார், எந்த நாள், எத்தனை மணி நேரம். ஒரே செலவை இரண்டு நிதியில் காட்டுவது மட்டும் கூடவே கூடாது.

பணம் எப்போது வரும் என்றும் பாருங்கள். எங்களுக்குக் கடைசி ஐந்தில் ஒரு பங்கு இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வந்தது. கூடத்து வாடகையோ அன்றன்றைக்குக் கட்ட வேண்டியது. என் கைப்பணத்தைப் போட்டு நான்கு மாதம் காத்திருந்தேன். வீட்டில் பேச்சு வாங்கியதைத் தனியாக எழுதலாம்.

தமிழில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இணையப் படிவங்களில் இத்தனை எழுத்துக்குள் என்று எல்லை வைத்திருப்பார்கள். நமக்குப் ‘பண்பாடு’ நான்கு எழுத்து. கணினியின் கணக்கில் ஏழு. புள்ளி, கால், உகரக் குறி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. கோப்பில் எழுதி, எழுத்தெண்ணிப் பார்த்து, கடைசி மணியில் ஒட்டினால் பாதி வாக்கியத்தில் வெட்டிவிடும். என் முதல் விண்ணப்பத்தின் இறுதி வரி “எனவே எங்கள் நோக்கம்” என்பதோடு முடிந்திருக்கிறது. படிவத்திலேயே ஒட்டிப் பார்த்து எல்லையைக் கண்டுபிடியுங்கள், அதுவும் முதல் நாளே.

பரிந்துரைக் கடிதங்களை நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். நான்கு கடிதங்களிலும் ‘அரும்பெரும் முயற்சி’ இருந்தது. ஒரே ஒரு பாட்டி, பேத்தியிடம் சொல்லி எழுதவைத்த ஆறு வரிக் கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. நேர்காணலில் அவர்கள் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கேட்டதில் அறுபது சதவீதம் கிடைத்தது. சந்தோஷத்தில் “அதே திட்டத்தை இதற்குள் முடித்துக்காட்டுகிறோம்” என்று ஒப்புக்கொள்ள இருந்தோம். அப்படி ஒப்புக்கொண்டால் குறைகிற நாற்பது சதவீதம் யாரோ ஒருவரின் கூலியில்லாத வேலையாக மாறும். பெரும்பாலும் அது நம் வீட்டுப் பெண்களின் வேலை. அமர்வுகளைப் பத்திலிருந்து ஆறாகக் குறைத்து, மதிப்பூதியத்தைத் தொடாமல் திருத்திய திட்டம் அனுப்பினோம். மறுப்பே சொல்லாமல் ஏற்றார்கள்.

வருகைப் பதிவேட்டில் முகவரி, தொலைபேசி எண் கேட்டு வைத்திருந்தோம். சிலர் அந்தத் தாளைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். எதற்கு இது, யாரிடம் போகும் என்ற பயம் நியாயமானதுதான். எண்ணிக்கை மட்டும் போதுமா என்று நிதி வழங்குவோரிடம் கேட்டோம். போதும் என்றார்கள். கேட்காமலே எத்தனை பேரை விரட்டியிருக்கிறோமோ.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். “ஆமாம், அப்படி எழுதினாத்தான் காசு தருவாங்கன்னு நினைச்சேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? “தந்தாங்களா?” என்றாள். இல்லை என்றேன். அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தாளை மறுபடி திருப்பி வரையத் தொடங்கிவிட்டாள். ஆனால் அந்த வரிகளுக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

இப்போது மூன்றாவது விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் எதையும் அனுப்புவதில்லை. ‘தேவை’ பகுதியை அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எழுதினார்கள். இலக்கணப் பிழைகளில் பாதியை நான் திருத்தவில்லை. போன வாரம் அச்சடித்த வரைவை அவளிடம் கொடுத்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, இப்போதும் எழுத்துக்கூட்டித்தான், ஆனால் முன்பைவிட வேகமாக, நிகழ்ச்சி நிரல் பக்கம்வரை வாசித்துக்கொண்டே வந்தாள். அங்கே நின்றாள்.

“சனிக்கிழமை ரெண்டு மணின்னு யார் முடிவு பண்ணது? எங்க எல்லாருக்கும் மூணு மணி வரைக்கும் கிளாஸ் இருக்கு.”

நான்தான் என்று சொல்லிவிட்டு, பென்சிலை வாங்கி மூன்றரை என்று திருத்தினேன்.